குற்றியைச் சுவரில் ஏற்ற முன்: வாசகர் கேள்வி – பதில்

முழு மரக்குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீட்டைப் பற்றி எழுதச் சொல்லிக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பலருக்கு யன்னல் எங்கே வைப்பது, கூரைக்கு என்ன போடுவது என்பதில்தான் அவசரம். நான் யாழ்ப்பாணத்துத் தச்சுப் பட்டறை ஒன்றில் வேலை பழகி, பிறகு கனடாவின் தண்டர் பே பக்கம் பின்லாந்து வம்சாவளிக்காரரோடு குற்றி வீட்டு வேலைக்குப் போனவன். வீடு கோணுவதும் நேராக நிற்பதும் மரம் நிலத்தில் கிடக்கும்போதே முடிவாகிவிடும் என்பதை அங்கே நிறையக் கண்டேன். ஆகவே இந்த முறை மரத்தை வெட்டுவது, பட்டை உரிப்பது, அடுக்குவது, காய வைப்பது பற்றிய கேள்விகள் மட்டும். கூரைக்காரர் கொஞ்சம் பொறுக்கவும்.

கேள்வி: அண்ணை, ஹலிபேர்ட்டன் பக்கம் ஐந்து ஏக்கர் காணி வாங்கியிருக்கிறோம். நல்ல வெள்ளைப் பைன் மரங்கள் நிற்கின்றன. இந்த யூலையில் வெட்டி, பனி விழ முன் ஒரு சின்ன வீடு எழுப்பிவிடலாம் என்று மச்சான்மார் சொல்கிறார்கள். முடியுமா?
– ஸ்காபரோ வாசகர்

மச்சான்மாருக்கு இந்த யூலையில் அத்திவாரம் கிண்டும் வேலையைக் கொடுங்கள் தம்பி. மரத்தில் கை வைக்க விடாதீர்கள்.

வெயிலும் புழுக்கமும் சேர்ந்த நாளில் வெட்டிப் போட்ட பைன் ஓரிரு கிழமையில் பூஞ்சணம் ஏறி நீலம் பாயத் தொடங்கும். கூடவே சோயர் வண்டு வந்து சேரும். நீண்ட மீசை வைத்த கறுத்த வண்டு. பட்டையைக் கடித்துக் குழி பறித்து முட்டையிடும். அதன் புழு பட்டைக்குக் கீழே குடைந்துகொண்டு போகும்போது, குற்றிக்குப் பக்கத்தில் நின்றால் கறக் கறக் என்று கடிக்கிற சத்தமே கேட்கும். பட்டை இடுக்கில் நாரும் தூளுமாக வெளியே தள்ளியிருந்தால் ஆள் உள்ளே குடியிருக்கிறார் என்று அர்த்தம்.

குளிர்காலம்தான் வெட்டுக்காலம். "குளிருக்கு மரத்தில் நீர் வேருக்கு இறங்கிவிடும், அதனால்தான்" என்று இங்கேயும் சொல்வார்கள். உண்மையில் சனவரியில் வெட்டினாலும் பச்சை மரத்துக்குள் தண்ணீர் பெரிதாகக் குறைந்திருக்காது. பூஞ்சணமும் வண்டும் அப்போது வேலை செய்யாது என்பதுதான் முதல் காரணம். அடுத்தது, நிலம் இறுகி, மேலே பனி கிடக்கும்போது குற்றியை இழுத்து வந்தால் சேறும் கல்லும் ஒட்டாது. ஒரு பிடி மண் பட்டைக்குள் ஏறியிருந்தால் சங்கிலி வாளின் கூர் அந்த ஒரு வெட்டோடு போய்விடும். அப்புறம், குளிரில் மரம் மெதுவாகக் காய்வதால் வெடிப்பும் குறைவு.

பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுங்கள். ஏப்ரல், மே மாதத்தில், வண்டு பறக்க முன், பட்டை உரித்து அடுக்கிவிடுங்கள். அந்தக் கோடை முழுவதும் காயட்டும். சுவர் அடுத்த ஆண்டு. ஏரிக்கரையை ஒட்டி நிற்கும் மரம் என்றால் வாளை எடுக்க முன் உள்ளூராட்சிக்காரரிடம் கேளுங்கள். உங்கள் காணி என்பதற்காகக் கரை மரத்தை உங்கள் இஷ்டத்துக்கு வெட்டலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மரம் தெரிவு செய்யும்போது வெளியில் தனியாக, கொழுத்து, பெரிய கொப்புகளோடு நிற்பதை விட்டுவிடுங்கள். அது அடியில் பருத்து நுனியில் ஒல்லியாகப் போகும், கணுவும் பெரிது. நெருக்கமான காட்டுக்குள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு உயர்ந்த மரத்துக்குத்தான் அடியும் நுனியும் அவ்வளவு வித்தியாசம் இல்லாமல் இருக்கும். நடுவில் 12 முதல் 14 அங்குல விட்டம் இருந்தால் போதும். அதைவிடப் பெரியது பார்க்க அழகு, தூக்க ஆள் வேண்டும்.

அடுக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் படுக்கைக் கட்டைகள் போட்டு, அதன்மேல் குற்றிகள். வரிசைக்கு வரிசை நடுவில் காய்ந்த சட்டம் வையுங்கள், குற்றியோடு குற்றி முட்டக்கூடாது. இடம் நிழலாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகுப் பூச்சு அடிப்பது முக்கியம். குற்றியின் உடம்பை விட வெட்டுமுகத்தால்தான் தண்ணீர் பல மடங்கு வேகமாக வெளியேறும், அங்கேதான் முதல் வெடிப்பு. தறப்பாள் மேலே மட்டும். நாலு பக்கமும் இழுத்து மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: பட்டையோடு கட்டினால் இயற்கையான தோற்றம் கிடைக்குமே. ஏன் எல்லோரும் உரிக்கச் சொல்கிறார்கள்?
– ஏஜாக்ஸ் வாசகர்

இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும். பிறகு பட்டை தானாகக் கழன்று விழும். அதற்குள் அதன் கீழே ஈரம் தேங்கி, வண்டும் பூஞ்சணமும் தங்கள் வேலையை முடித்திருக்கும். உரிக்கத்தான் வேண்டும்.

எப்போது உரிப்பது என்பதில்தான் சூட்சுமம். மே, யூனில் மரம் துளிர்க்கும் நேரம் வெட்டினால் பட்டை நீள நீளமாக, ஆள் உயரத்துக்கு ஒரே துண்டாகக் கழன்று வரும். உள்ளே மரம் வழுவழுவென்று ஈரமாக இருக்கும். வேலை சுகம், ஆனால் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. குளிர்காலத்தில் வெட்டியது விடாப்பிடியாக ஒட்டியிருக்கும். அதற்கு இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தி வேண்டும். குற்றியை இடுப்பளவு உயரத்தில் தாங்கிகளின் மேல் வைத்து, கத்தியை உங்களை நோக்கி இழுக்க வேண்டும். வெளிப்பட்டை போனதும் மஞ்சளும் பழுப்புமாக ஒரு மெல்லிய உட்பட்டை தெரியும். அதையும் எடுக்க வேண்டும். இனிப்புச் சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது, பூஞ்சணம் முதலில் பிடிப்பதும் அங்கேதான். வெள்ளை மரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். கணுவைச் சுற்றி ஆழமாக இழுத்துக் குழி விழுத்தினால் அந்தக் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும்.

அழுத்த நீரால் அடித்து உரிப்பவர்களும் உண்டு. துளிர்காலத்து மரத்துக்கு அது சரி. கிட்டப் பிடித்து அடித்தால் மரத்தின் மேல் பஞ்சு பஞ்சாக நார் கிளம்பிவிடும், பிறகு அதைத் தேய்த்து எடுக்க வேறொரு கோடை வேண்டும்.

கேள்வி: என் கணவரும் அவருடைய தம்பிமாரும் சனி, ஞாயிறில் குற்றிகளைத் தாங்களே உருட்டி ஏற்றப் போகிறார்களாம். "எல்லாரும் சேர்ந்து பிடித்தால் தூக்கலாம்" என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
– மிசிசாகா வாசகி

பயப்படுவது சரிதான் தங்கச்சி. இந்தப் பதிலை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

14 அங்குல விட்டம், 30 அடி நீளமான பச்சை வெள்ளைப் பைன் குற்றி ஒன்று ஏறத்தாழ அரைத் தொன். ஆறு பேர் பிடித்தால் ஆளுக்கு எண்பது கிலோவுக்கு மேல். அதில் ஒருவர் வழுக்கினால் மற்ற ஐந்து பேருடைய முதுகும் போச்சு. குற்றியைத் தூக்கக் கூடாது. உருட்ட வேண்டும், திருப்ப வேண்டும், இழுக்க வேண்டும்.

அதற்கென்று கொக்கி இருக்கிறது. நீண்ட மரக் கைப்பிடி, கீழே ஊசலாடும் இரும்புக் கொக்கி. இதைக் காண்ட் ஹுக் என்பார்கள். நுனியில் கூரான இரும்பு முனை வைத்தது பீவி. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஜோசப் பீவி என்ற கொல்லர் 1858இல் செய்தது. ஆற்றில் மிதந்து வரும் குற்றிகள் சிக்குப்படும்போது அவிழ்க்கச் செய்தது இன்றும் அப்படியே கடையில் கிடைக்கிறது. கொக்கி மரத்தைக் கவ்வியதும் கைப்பிடியில் உடம்பின் பாரத்தைக் கொடுத்தால், ஒற்றை ஆளாக அரைத் தொன் குற்றியைப் புரட்டலாம். அலவாங்கால் நெம்புகிற வேலை வேண்டாம். அலவாங்கு வழுக்கினால் குற்றி எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது.

சுவரில் ஏற்றுவதற்குப் பாரந்தூக்கி வாடகைக்கு எடுப்பதே நல்லது. எடுக்க முடியாவிட்டால் பழைய வழி ஒன்று உண்டு. சுவரில் இரண்டு நீண்ட கம்புகளைச் சரிவாகச் சார்த்துங்கள். இரண்டு கயிற்றின் ஒரு முனையைச் சுவர் உச்சியில் கட்டி, கீழே கொண்டுவந்து குற்றிக்கு அடியால் விட்டு, மறுபடி மேலே எடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இழுங்கள். குற்றியே கப்பி மாதிரி உருண்டு ஏறும். இழுக்கும் பாரம் பாதியாகிவிடும். இழுக்கிறவர்கள் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். குற்றி ஏறுகிற சரிவின் கீழே ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது, "நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறேன்" என்கிற மாமா உட்பட.

எந்தக் குற்றியை விட்டு நகர்ந்தாலும் இரண்டு பக்கமும் ஆப்பு வையுங்கள். லொறியில் இருந்து இறக்கும்போது கட்டை அவிழ்க்கிறவரைத் தவிர யாரும் கிட்டப் போகக் கூடாது. பிள்ளைகளுக்குக் குற்றிக் குவியலைக் கண்டால் ஏறத்தான் தோன்றும். அந்தப் பக்கத்துக்கு ஒரு வேலி போடுங்கள்.

கேள்வி: மரக்காலை ஒன்றில் மலிவாக ஒரு லொறி சிவப்புப் பைன் தருகிறார்கள். பட்டை உரித்துக் காய்ந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். குற்றியில் வெடிப்புகள் நேராக ஓடாமல் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. விற்பவர் "அது வெறும் தோற்றம்" என்கிறார். வாங்கலாமா?
– சட்பரி வாசகர்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலிவுக்குக் காரணம் அதுதான்.

மரத்தின் நார் எப்போதும் நேராக மேலே போவதில்லை. பல மரங்களில் அது தண்டைச் சுற்றி, பிழிந்த சாரத்துணி மாதிரி முறுகிப் போகும். பட்டையோடு நிற்கும்போது கண்டுபிடிப்பது கஷ்டம். உரித்துக் கொஞ்சம் காய்ந்ததும் தலைமயிர் அளவான வெடிப்புகள் தோன்றும். அவை நாரோடுதான் ஓடும். ஆகவே வெடிப்பு ஓடும் திசைதான் நாரின் திசை.

இனி எந்தப் பக்கம் முறுக்கு என்று பார்க்க வேண்டும். வலது கையை விரித்து, உள்ளங்கை மரத்தில் படும்படி, விரல்கள் குற்றியின் நீளத்துக்கு நீட்டியிருக்க வையுங்கள். வெடிப்பு உங்கள் பெருவிரல் நீட்டுகிற பக்கமாகச் சாய்ந்து ஓடினால் இடமுறுக்கு. சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தால் வலமுறுக்கு. குற்றியின் எந்த முனையில் நின்று பார்த்தாலும் விடை ஒன்றுதான், சந்தேகம் இருந்தால் மறுமுனைக்குப் போய்ப் பாருங்கள்.

இடமுறுக்குத்தான் பொல்லாதது. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் இளமையில் பெரும்பாலும் இடப்பக்கமாக முறுகி வளரும்; வயது போகப் போக நேராகி, வலப்பக்கம் திரும்பும். அப்படித் திரும்பிய மரத்தில் உள்வளையமும் வெளிவளையமும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று அடக்கிவிடும். கடைசி வரை இடமுறுக்காகவே வளர்ந்த மரத்தில் உள்ளும் புறமும் ஒரே பக்கம் இழுக்கும். சுவரில் ஏற்றிய பிறகு காயக் காயக் குற்றி தன்னைத்தானே முறுக்கும். மூலைப் பொருத்து எழும்பும், இரண்டு குற்றிக்கு நடுவே கை போகிற இடைவெளி வரும். எந்தப் பசையாலும் கம்பியாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

என் கணக்கு இது: பத்து அடி நீளத்தில் வெடிப்பு ஐந்து அங்குலத்துக்கு மேல் இடப்பக்கம் விலகினால் அந்தக் குற்றி சுவருக்கு வராது. நெடுக்காகப் பிளந்து, பாதிக் குற்றியாக அத்திவாரத்தின் மேல் முதல் வரிசைக்குப் போட்டு ஆணிப்பூட்டால் இறுக்கலாம், இல்லாவிட்டால் விறகு. கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்ததைக் கீழ் வரிசைகளில் வையுங்கள், மேலே உள்ள பாரம் அடக்கும். வலமுறுக்கு அதே அளவு இருந்தால் நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

உங்கள் படத்தில் முன்னுக்குத் தெரியும் ஒன்பது குற்றியில் ஆறு இடமுறுக்கு, அதுவும் கடும் முறுக்கு. லொறி முழுவதையும் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்துப் பொறுக்கித் தருவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வந்த வழியே திரும்புங்கள்.

கேள்வி: அங்கிள், நான் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். நண்பியின் குடும்பம் மலையில் ஒரு புதிய குற்றி வீடு கட்டியிருக்கிறார்கள். யன்னலுக்கு மேலே நாலு விரல் அளவுக்கு மேல் இடைவெளி விட்டுக் கம்பளி அடைத்திருக்கிறது! தூணுக்குக் கீழே திருகாணியும் இருக்கிறது. பிழையாகக் கட்டிவிட்டார்களா?
– ஒஸ்லோ வாசகி

சரியாகக் கட்டியிருக்கிறார்கள் பிள்ளை. கட்டியவர் வேலை தெரிந்தவர்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும்: நாரின் குழாய்க்குள்ளும், குழாயின் சுவருக்குள்ளும். குழாய்க்குள் இருப்பது போகும்வரை மரம் சுருங்காது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறும்போதுதான் சுருக்கம் தொடங்கும். நீளவாட்டில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். விட்டத்தில்தான் சுருங்கும். குற்றிகளைப் படுக்க வைத்துக் கட்டிய சுவர் ஆகவே உயரத்தில் குறையும். பச்சை மரம் என்றால் அடிக்கு முக்கால் அங்குலம் என்று கணக்கு வைப்பார்கள். எட்டடிச் சுவர் ஆறு அங்குலம் இறங்கும். வீட்டுக்குள் அடுப்பு எரியத் தொடங்கி நாலைந்து வருடத்துக்கு இது நடக்கும்.

யன்னல் நிலை சுருங்காது, நின்ற தூண் சுருங்காது. இடைவெளி விடாவிட்டால் சுவர் யன்னலின் தலையில் உட்கார்ந்துவிடும், கண்ணாடி வெடிக்கும். அதனால்தான் மேலே இடைவெளி விட்டு, நசுங்கக்கூடிய கம்பளி அடைத்து, முன்னால் ஒரு பலகையால் மறைப்பார்கள். தூணின் திருகாணியைச் சுவர் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். நண்பியின் அப்பாவிடம் கேளுங்கள், வருடத்துக்கு எத்தனை தரம் திருகுகிறார் என்று. திருகுவதே இல்லை என்றால் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள், பிக்டோயில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போய் டெலமார்க், செத்தெஸ்தால் பகுதிப் பழைய வீடுகளின் மூலைப் பொருத்தைக் குனிந்து பாருங்கள். குற்றிக்குக் குற்றி நடுவில் பாசி அடைத்திருக்கும். மேல் குற்றியின் அடிப்பக்கத்தை, கீழ்க் குற்றியின் மேடு பள்ளம் அப்படியே வரும்படி குடைந்திருப்பார்கள். அதுதான் வேலை.

கேள்வி: ஊரில் பனை தறிப்பதென்றால் தேய்பிறை பார்த்துத்தான் தறிப்போம். வளர்பிறையில் தறித்தால் உளுத்துவிடும். வெள்ளைக்காரருக்கு இது தெரியுமா?
– மார்க்கம், மூத்த வாசகர்

தெரியும் ஐயா. ஆல்ப்ஸ் மலைப்பக்கம், ஒஸ்ட்ரியா, சுவிற்சர்லாந்துக் காட்டுக்காரர் இதையே சொல்வார்கள்: மார்கழியில், தேய்பிறையில், வெட்டிய மரம் பூச்சி பிடிக்காது என்று. அப்படி வெட்டிய மரத்தை விலை கூட்டி விற்பதும் உண்டு. இரண்டு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் படித்திருக்க முடியாது.

என் அபிப்பிராயம்: மார்கழி என்பதில் நியாயம் இருக்கிறது, அதற்கான காரணங்களை மேலே சொன்னேன். பிறை விடயத்தில் நான் வாதாட வரவில்லை. ஆனால் பனையில் பூச்சி பிடிக்காமல் நிற்பதற்குப் பெரிய காரணம் நீங்கள் வைரம் பாய்ந்த முதிர்ந்த மரமாகப் பார்த்துத் தறிப்பதும், உள்ளே இருக்கும் மெதுவான சோற்றியை நீக்குவதும்தான். இங்கேயும் அப்படியே. எந்த மரமானாலும் வெளிமரம் உக்கும். சீடாரின் வைரம் உக்காமல் நிற்கும் என்பதை நம்பி, வெளிமரத்தோடு கட்டிவிட்டு மழையில் விட்டால் சீடாரும் உக்கும்.

கேள்வி: ஊரில் சலாகைக்குக் கழிவு ஒயில் பூசுவோமே. இங்கே குற்றிக்கும் பூசலாமா? கராஜில் சும்மா தருவார்கள்.
– பிராம்ப்டன் வாசகர்

வேண்டாம். நாற்றம் போகாது, மேலே எந்தப் பூச்சும் ஒட்டாது, மழையோடு கழுவிக் கிணற்றுக்குப் போகும். சும்மா தருவதற்குக் காரணம் அதைக் கழிப்பதற்கு அவர்கள் காசு கொடுக்க வேண்டும் என்பது.

போரேற் உப்புக் கரைசலை வாங்குங்கள். பட்டை உரித்த கையோடு, மரம் ஈரமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். உப்பு ஈரத்தின் வழியாக மெல்ல உள்ளே இறங்கும். பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் நஞ்சு, சுவரில் காய்ந்த பிறகு நமக்கு அவ்வளவாக இல்லை. அடிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். மழையில் கரைந்து போகும் என்பது அதன் குறை. ஆகவே அடித்த குற்றி மழையில் நனையக் கூடாது, வீடு எழும்பியதும் மேலே தண்ணீர் தாங்கும் பூச்சு வேண்டும். மூன்றடி நீட்டிய கூரைத் தாழ்வாரமும், முதல் குற்றி நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் உயர்ந்திருப்பதும் எந்த மருந்தையும் விடப் பெரிது.

கேள்வி: இங்கே நீலம் பாய்ந்த பைன் குற்றிகள் விற்கிறார்கள். பழுதான மரமா?
– பிரிட்டிஷ் கொலம்பியா, சறே வாசகர்

உங்கள் மாகாணத்தில் 1990களின் பிற்பகுதியிலிருந்து மலைப் பைன் வண்டு லொஜ்போல் பைன் காடுகளை அழித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வண்டு கொண்டுவரும் பூஞ்சணம் வெளிமரத்துக்கு நீலம் ஏற்றும். அது நிறம்தான், பலத்தைப் பெரிதாகக் குறைக்காது. நின்ற நிலையிலேயே செத்துக் காய்ந்த மரம் என்பதால் சுவர் இறங்குவதும் குறைவு. அந்த விதத்தில் நல்ல மரம். ஆனால் செத்து எத்தனை வருடம் நின்றது என்று கேளுங்கள். நகத்தால் அழுத்தி அடிப்பக்கம் இளகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே திறந்துவிட்ட பெரிய வெடிப்பு இருந்தால் சுவரில் அது கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பி வையுங்கள். மேல்நோக்கிய வெடிப்பு மழைநீருக்குப் பீலி.

வெடிப்பே இல்லாத குற்றி கிடைக்குமா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காது. வளையத்தோடு ஓடும் சுருக்கம் ஆரையோடு ஓடும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எங்காவது பிளந்துதான் ஆகும். எங்கே பிளக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்லலாம். குற்றியின் மேல்பக்கத்தில், அடுத்த குற்றி வந்து மூடுகிற இடத்தில், நெடுக்காக வாளால் ஒரு கீறல் போடுங்கள். ஆழம் விட்டத்தில் காற்பங்குக்குக் குறையாமல், பாதிக்கு மேற்படாமல். பெரும்பாலும் மரம் அந்தக் கீறலிலேயே திறக்கும்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் தோட்டத்தில் யூகலிப்டஸ் நிற்கிறது. அதை வைத்துக் குற்றி வீடு கட்டலாமா?
– கொடைக்கானல் வாசகர்

முதலில் மரம் வெட்டுவதற்கு அனுமதி. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது, சொந்தத் தோட்டமென்றாலும் பொருந்தும். அனுமதி கிடைத்தாலும் யூகலிப்டஸ் வேண்டாம். அந்த மரத்துக்குள் வளர்ச்சி இறுக்கம் அதிகம். வெட்டி விழுத்தியதுமே முனை பிளக்கும், காயும்போது வளையும். கறையான் வேறு. தோட்டத்துக் கருவி வைக்க ஒரு கொட்டில் என்றால் போடுங்கள்.

கேள்வி: குற்றி வீடுகள் எத்தனை காலம் நிற்கும்? கிட்டத்தில் பார்க்க ஏதாவது உண்டா?
– மொன்றியல் வாசகர்

ரஷ்யாவில் ஒனேகா ஏரித் தீவான கிஷியில் 1714இல் பைன் குற்றியால் கட்டிய, 22 குவிமாடம் கொண்ட தேவாலயம் இன்னும் நிற்கிறது. அண்மைய திருத்த வேலையில் மேல்பகுதியை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழே அடுக்கடுக்காகக் குற்றிகளைக் கழற்றி, பழுதானதை மட்டும் மாற்றி மறுபடி பூட்டினார்கள். சீமெந்துக் கட்டடத்தில் அப்படிச் செய்து பாருங்கள்!

உங்களுக்குக் கிட்டத்தில், ஒட்டாவாவுக்குப் போகும் வழியில், மொண்டெபெல்லோ விடுதி இருக்கிறது. 1930இல் கட்டியது, பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்த சுமார் 10,000 சிவப்பு சீடார் குற்றிகள். தச்சு வேலைக்குத் தலைமை தாங்கியவர் பின்லாந்தில் பிறந்த விக்டர் நைமார்க். உள்ளே போய்ச் சாப்பிட வேண்டியதில்லை, நடு மண்டபத்தில் நின்று மேலே பார்த்தால் போதும்.

கேள்வி: 20 அடிக்கு 24 அடி வீட்டுக்கு எத்தனை குற்றி வேண்டும்?
– ஒஷாவா வாசகர்

சராசரி விட்டம் 12 அங்குலம் என்று வைப்போம். அடியில் குடைவதால் ஒவ்வொரு குற்றியும் உயரத்தில் பத்து அங்குலம்தான் தரும். எட்டடிச் சுவர் வேண்டுமென்றால், இறக்கத்துக்கு ஆறு அங்குலம் கூட்டி எட்டரை அடி கட்ட வேண்டும். அது பத்து வரிசை. நாலு சுவருக்கு நாற்பது குற்றி. ஒவ்வொரு வரிசைக்கும் அடியும் நுனியும் மாறி மாறி வர வேண்டும், இல்லாவிட்டால் சுவர் ஒரு பக்கம் உயர்ந்துகொண்டே போகும். முகட்டுக்கும் கூரைக்கும் நாலைந்து. முறுக்கு, அழுகல், அளவு பிழைத்தது என்று கழிக்க ஐந்தாறு கூடுதலாக. ஐம்பது என்று கேளுங்கள்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூலைக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீட்ட வேண்டும், வெட்டி நேராக்க இன்னும் ஒரு அடி. ஆகவே 24 மற்றும் 28 அடிக் குற்றிகள். மொத்தப் பாரம் பதினைந்து தொன்னுக்குக் குறையாது. உங்கள் காணிக்குப் போகும் மண் பாதையும் சின்னப் பாலமும் அந்த லொறியைத் தாங்குமா என்று முற்பணம் கட்ட முன் பார்த்துவிடுங்கள்.